பனி மேல பழி போடாதீங்க!



மார்கழி வந்தால் எங்க ஊர்ல ஒரு பேச்சு தவறாமல் வரும். "சோலார் லைட்டு எட்டு மணிக்கே அணைஞ்சுடுது. பனியில பேட்டரி வீக் ஆயிடுச்சு." டீக்கடையிலும் இதுதான், தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் இதுதான். தை போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரகடம் கம்பெனிகளில் இரண்டாவது ஷிப்ட் முடித்து வரும் அக்காக்களைக் கம்பெனி பஸ் ரோட்டு முனையில்தான் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து தெருவரை அவங்க செல்போன் வெளிச்சத்தில் நடக்கிறாங்க. பாம்பும் இருக்கு, நாயும் இருக்கு, ஹெட்லைட் இல்லாமல் வரும் வண்டியும் இருக்கு. தை வரைக்கும் அவங்க எப்படிக் காத்திருப்பாங்க?

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். நம்ம விளக்கைக் கெடுப்பது பனி இல்லை, வெயில். பேட்டரி சித்திரையிலேயே செத்துப்போகுது. அது நமக்கு மார்கழியில்தான் தெரியுது.

சும்மா சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன். நம்ம பக்கம் ஜனவரி விடியற்காலையில் 20 டிகிரி அளவுக்குத்தான் குளிர் இருக்கும். நமக்குப் போர்வை வேண்டும், பேட்டரிக்கு அது சுகமான குளிர். நம்ம நாட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி ஈய-அமில பேட்டரிகளின் கொள்ளளவை 27 டிகிரியில் அளக்கிறார்கள். 20 டிகிரிக்கு வந்தால் நூறில் ஐந்தாறு பங்கு குறையலாம். அவ்வளவுதான். அதற்காக விடிய விடிய எரிய வேண்டிய விளக்கு எட்டு மணிக்கு அணையுமா?

உண்மையான குளிர் என்றால் லடாக். அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20க்கும் கீழே போகும். பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால், உள்ளே போக வேண்டிய லித்தியம் மின்முனையின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரி கெட்டுவிடும். ஈய-அமில பேட்டரிக்கு இன்னொரு ஆபத்து. முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தால் அமிலம் லேசில் உறையாது, ஆனால் சார்ஜ் தீர்ந்த பேட்டரியில் அமிலம் தண்ணியாகி, மைனஸ் 10 அளவிலேயே உறைந்து பெட்டி விரிந்துபோகும். அதனால் குளிர் தேசங்களில் பேட்டரியை மண்ணுக்குள் புதைத்து வைப்பதும் உண்டு. நம்ம ஊட்டியில் கூட டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. ஆனாலும் சார்ஜ் ஏறுவது வெயில் வந்த பிறகுதானே, அதற்குள் குளிர் விட்டுவிடும். ஊட்டிக்கே இப்படி என்றால் ஸ்ரீபெரும்புதூருக்கு என்ன?

சரி, பிறகு ஏன் மார்கழியில் அணைகிறது? ஜூன் மாதம் நமக்குப் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம். டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம் தான். அதாவது பேனல் சார்ஜ் பிடிக்கும் நேரம் குறைகிறது, விளக்கு எரிய வேண்டிய நேரம் கூடுகிறது. 12 வாட் எல்இடி விளக்கு ராத்திரி முழுவதும் எரிய ஜூனில் சுமார் 130 வாட்-மணி போதும், டிசம்பரில் 150க்கு மேல் வேண்டும். அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள் சூரியனையே பார்க்க முடியாது. காலையில் பனிமூட்டம் வேறு கொஞ்ச நேரத்தைத் தின்றுவிடும். (பனிக்கு இந்த ஒரு குற்றத்தை மட்டும் கொடுக்கலாம்!) பேனல் மேல் லாரிப் புழுதி எவ்வளவு படிந்திருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். நல்ல பேட்டரி இதையெல்லாம் தாங்கும். ஏற்கெனவே பாதி செத்த பேட்டரி தாங்காது.

அதைப் பாதி சாகடித்தது யார்? வேதிவினையின் வேகம் வெப்பத்தோடு கூடும் என்று படிக்கிறோம் இல்லையா, பேட்டரிக்குள்ளும் அதேதான். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர்ல 40 டிகிரி தாண்டும். இரும்புப் பெட்டிக்குள் இன்னும் மேலே போகும். உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றும், தகடு அரிக்கும். கோடையில் ராத்திரி சின்னது, சார்ஜும் நிறைய, அதனால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

என் கருத்தில் நம்ம தெருவுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. செல்போனில் பொதுவாக இருக்கும் லித்தியம் வேற, இது வேற. நம்ம ஊர்ல 2006 முதல் 2014 வரை நோக்கியா போன் செய்தாங்களே, அதில் போட்டது செல்போன் வகை. இரும்பு பாஸ்பேட் அதைவிட எடை கூட, ஆனால் சூட்டில் சீக்கிரம் தீப்பிடிக்காது. 2000 தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம், தினம் ஒரு தடவை என்றால் ஐந்து வருஷத்துக்கு மேல். ஈய-அமில பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் சில நூறு தடவையிலேயே தளர்ந்துவிடும். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது லித்தியத்தின் குறை. அந்தக் குறை நமக்கு வரவே வராது! விலை கூடத்தான், மறுக்கவில்லை. பழைய சார்ஜ் கன்ட்ரோலரையும் அதற்கேற்ற மாதிரி மாற்ற வேண்டும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி வாங்கும் செலவை யார் கணக்குப் போட்டார்கள்?

இதில் நமக்குப் பெருமையும் இருக்கிறது. இந்த வகை மின்முனையை 1997இல் வெளியிட்டது அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்பவரின் குழு. அதற்கு வழி போட்ட ஆராய்ச்சியை 1980களில் அவரோடு செய்தவர் அருமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2019இல் குட்இனஃபுக்கு 97 வயதில் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை ஆற்றியவர் நம்ம மந்திரம் ஐயாதான். கிராமத்துப் பள்ளியில் படிக்கிற நாம இதைத் தெரிஞ்சுக்கணும்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். இப்போது பேனல், பேட்டரி, விளக்கு மூன்றும் ஒரே பெட்டியில் வருகிறது. பார்க்க அழகு, திருடவும் முடியாது. ஆனால் வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், அதன் முதுகிலேயே பேட்டரி! குளிர் தேசத்துக்கு அது கணப்பு, நமக்கு அடுப்பு. மண்ணில் புதைக்கலாமா என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட முடியாது. பேனலுக்குக் கொஞ்சம் கீழே, நிழல் படும் இடத்தில், காற்று போகிற பூட்டுப் பெட்டியில் வைப்பதுதான் நல்லது.

வீட்டு வாசலில் மாட்டும் சின்ன சோலார் விளக்கு பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பலவற்றில் பென் டார்ச் செல் மாதிரி ஒன்று இருக்கும். 1.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று எழுதியிருக்கும். அது தீர்ந்ததும் டிவி ரிமோட் செல்லை எடுத்துப் போடாதீங்க. அது சார்ஜ் ஏறுவதற்குச் செய்தது இல்லை, கசிந்து விளக்கையும் கெடுத்துவிடும். நிக்கல் காட்மியம் என்ற பழைய வகை குளிரை நன்றாகத் தாங்கும், ஆனால் காட்மியம் விஷம். நமக்கு இல்லாத குளிருக்காக விஷத்தை எதற்கு வாங்க வேண்டும்? செத்த பேட்டரியைக் குப்பையில் போடுவதும், தம்பிகள் உடைத்து விளையாடுவதும் கூடாது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்க வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு.

ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். நமக்கு ஓட்டு வயசு ஆகலை. அம்மா அப்பாவிடம் சொல்லி அனுப்பலாம். "புதுக் கம்பம் வேண்டாம், இருக்கிற கம்பத்தில் பேட்டரியை மாத்துங்க, என்ன வகை என்று தீர்மானத்திலேயே எழுதுங்க, மாதம் ஒரு தடவை பேனலைத் துடைங்க" என்று கேட்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் நம்ம கையில் ஆதாரம் வேண்டும். அறிவியல் ஆய்வகத்தில் மல்டிமீட்டர் இருக்கு. லைட் பார்க்கிற அண்ணன் பெட்டியைத் திறந்து கொடுத்தால், 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியைச் சாயங்காலம் விளக்கு எரியும் முன் ஒரு தடவையும் அணையும் நேரத்தில் ஒரு தடவையும் அளக்கலாம். ஆறு மணிக்கே 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் சரியாக ஏறவில்லை, முதலில் பேனலைத் துடைக்க வேண்டும். ஆறு மணிக்கு 12.7 காட்டி எட்டு மணிக்குள் 11க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது. அறிவியல் சாரும் கூட வந்தால் சனிக்கிழமையே செய்யலாம். வர விருப்பம் உள்ளவங்க இந்தத் தாளுக்குக் கீழே பெயர், வகுப்பு எழுதுங்க. பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி