எஸ்.எம்.பி.எஸ் தாங்குமா? புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஒரு ஸ்டிக்கர்!

ரிசல்ட் வந்தாச்சு, நல்ல மார்க். "கம்ப்யூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கிக் கொடுங்கப்பா" என்று பிள்ளை கேட்கிறது. அப்பாவும் அப்படி இப்படிக் கணக்குப் போட்டு முப்பதாயிரம் ரூபாய்க்குச் சம்மதித்துவிடுகிறார். கார்டு வருகிறது, மாட்டியாகிறது, விண்டோஸ் ஓப்பன் ஆகிறது, யூடியூப் ஓடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ராத்திரி கேம் ஆரம்பித்த பத்தாவது நிமிடம்... 'டப்'. ஸ்கிரீன் கறுப்பு. கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடி கேம், மறுபடி 'டப்'.

உடனே பழி விழுவது கார்டின் மேல்தான். "டிஃபெக்ட் பீஸைத் தலையில் கட்டிட்டீங்க" என்று கடையில் சண்டை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் ரிட்டர்ன். மாற்றி வந்த கார்டும் அதையே செய்யும்போதுதான், கேபினட்டின் மூலையில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கும் அந்த இரும்புப் பெட்டியின் ஞாபகம் வருகிறது. அதுதான் எஸ்.எம்.பி.எஸ். கார்டின் அட்டைப்பெட்டியில் 'பவர் சப்ளை' அல்லது 'பி.எஸ்.யூ' என்று போட்டிருப்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

வெறுமனே அணைந்து எழுந்தால்கூட அது நல்ல எஸ்.எம்.பி.எஸ் என்றுதான் சொல்ல வேண்டும். 'என்னால் இதற்கு மேல் முடியாது' என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு சர்க்யூட் அதில் இருக்கிறது. மட்டமான பெட்டிகளில் அந்த சர்க்யூட் பெயருக்குத்தான் இருக்கும். அது போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போகலாம். கார்டுக்கு வாரன்டி உண்டு. ஹார்டு டிஸ்கில் கிடக்கும் பத்து வருடக் குடும்ப போட்டோக்களுக்கு என்ன வாரன்டி இருக்கிறது?

பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள்

எஸ்.எம்.பி.எஸ்-ஸின் வேலை எளிமையானது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று டி.சி-யாக மாற்றிப் பங்கிட்டுக் கொடுப்பது. இதில் இன்றைய ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் 12 வோல்ட் பந்தியில்தான். பழைய காலத்தில் அப்படியில்லை. பென்டியம் 3 காலம் வரை 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களுக்குத்தான் வேலை அதிகம். 2000-ல் பென்டியம் 4 வந்தபோது ப்ராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் கேபிள் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எல்லாச் சுமையும் 12 வோல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆனால், விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ்-கள் பல இன்னும் அந்தப் பழைய டிசைனிலேயே வருகின்றன. மேலே '450 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எல்லா லைன்களையும் கூட்டிப்போட்ட கணக்கு. நமக்கு வேண்டியது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அட்டவணை. அதில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட்ஸ். '450' என்று பெயர் வைத்த பெட்டி, கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சேர்த்துத் தரப்போவது அவ்வளவுதான்! நல்ல 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்-ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். 540 வாட்ஸ். கிட்டத்தட்ட மொத்தத்தையும் 12 வோல்ட்டிலேயே தந்துவிடும்.

சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட் இரண்டு கட்டமாகப் பிரிந்திருக்கும், 14 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று. இரண்டையும் கூட்டி 29 என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் எத்தனை வாட்ஸ் என்று அதன் கீழேயே போட்டிருப்பார்கள். அந்த எண்தான் கணக்கு. அதைப் போடவே இல்லையென்றால், அந்தப் பெட்டியை நம்பி முப்பதாயிரத்தை மாட்டாமல் இருப்பது நல்லது.

இந்த விவரத்தை ஏதாவது சாஃப்ட்வேரில் பார்த்துவிடலாமா என்று பலர் தேடுகிறார்கள். முடியாது. சாதாரண எஸ்.எம்.பி.எஸ்-ஸுக்கும் விண்டோஸுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் எதுவும் வராது. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. ஸ்டிக்கர் உள்பக்கம் திரும்பியிருந்தால், பின்னால் இருக்கும் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியையே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

கணக்கு இதுதான்

ஓர் உதாரணம். இன்டெல் ஐ5-12400எஃப் ப்ராசஸர். பெட்டியில் 65 வாட்ஸ் என்று இருந்தாலும், முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட்ஸ் வரை போகும் என்று இன்டெல்லே சொல்கிறது. வாங்க நினைக்கும் கார்டு என்விடியா ஆர்.டி.எக்ஸ் 5060. அதற்கு 145 வாட்ஸ். ஆக 262. மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வைத்தால் 312 வாட்ஸ்.

ஆனால், இந்தக் கார்டுக்கு என்விடியா கேட்பது 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். ஏன் இவ்வளவு வித்தியாசம்? உங்கள் வீட்டில் இருக்கும் ப்ராசஸர் எது, எஸ்.எம்.பி.எஸ் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. எனவே, எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி கூட்டியே சொல்கிறார்கள். தரமான 450 வாட்ஸ், 12 வோல்ட்டில் 36 ஆம்பியர், சரியான கேபிள் என்றால் இந்த 312-ஐ அது இழுத்துவிடும். மட்டமான '600 வாட்ஸ்' பெட்டி இழுக்காது. புதிதாகவே வாங்குவதாக இருந்தால் 550 அல்லது 650 போதும். "எதுக்கும் இருக்கட்டும், 850 போட்டுக்குங்க" என்று கடையில் சொன்னால், இந்த கார்டுக்கு அது தேவையில்லாத செலவு. கரன்ட் பில் கூடிவிடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். பெரிய எஸ்.எம்.பி.எஸ் என்பதற்காக அது கூடுதலாக மின்சாரத்தை இழுக்காது. கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் கொடுக்கும்.

கணக்குக்கு மேல் ஏன் மிச்சம் வைக்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு ஒரே சீராக மின்சாரத்தை எடுப்பதில்லை. கேமில் ஒரு குண்டு வெடிக்கும்போது கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, தன் அளவைத் தாண்டிப் பல மடங்கு எகிறும். ஆர்.டி.எக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்தபோது நல்ல எஸ்.எம்.பி.எஸ்-களே இந்த எகிறலில் அணைந்தன. அதனால்தான் 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ் 3.0 விதியில், புதிய 16 பின் கனெக்டரோடு வரும் எஸ்.எம்.பி.எஸ், நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் அளவைப்போல இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இரண்டாவது காரணம் வெயில். சில பெட்டிகளின் வாட்ஸ் 25 டிகிரி அறைக்குப் போட்ட கணக்கு. நல்ல கம்பெனிகள் 40, 50 டிகிரிக்குப் போடுகின்றன. மே மாத மதுரையில், ஏ.சி இல்லாத அறையில், மூடிய கேபினட்டுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருடம் ஓடிய எஸ்.எம்.பி.எஸ் என்றால் கெப்பாசிட்டர்களும் காய்ந்து பழைய தெம்பு இருக்காது.

'80 பிளஸ்' முத்திரை இருந்தால் போதுமா? உதவும், ஆனால் அது முழுச் சான்றிதழ் இல்லை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கொடுக்கிறது என்பதற்கான முத்திரை அது. 80 சதவிகிதம் என்றால், 300 வாட்ஸ் கொடுக்க 375 வாட்ஸ் எடுக்கும். மிச்சம் சூடாகப் போய்விடும். பாதுகாப்பு சர்க்யூட்டுகளைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை. பிராண்டும் முழு உத்தரவாதம் ஆகாது. 2021-ல் கிகாபைட் நிறுவனத்தின் இரண்டு எஸ்.எம்.பி.எஸ் மாடல்கள் சோதனைகளில் வெடித்துப் பெரிய சர்ச்சையானது. பிறகு, கம்பெனியே மாற்றித் தர முன்வந்தது. கம்பெனிப் பெயரோடு மாடல் நம்பரையும் போட்டுத் தேடிப் படிப்பதுதான் சரி.

கேபிள் இருக்கிறதா?

வாட்ஸ் சரியாக இருந்தும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் 75 வாட்ஸ் வரைதான் தரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் எஸ்.எம்.பி.எஸ்-ஸிலிருந்து நேராகக் கேபிள் வர வேண்டும். 6 பின் கேபிள் 75 வாட்ஸுக்கு, 8 பின் கேபிள் 150 வாட்ஸுக்கு. கார்டுக்கான 8 பின், 6+2 என்று பிரியும். ப்ராசஸருக்கான 8 பின், 4+4 என்று பிரியும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், உள்ளே பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறியிருக்கும். உள்ளே போகவில்லையென்றால் அழுத்தித் திணிக்காதீர்கள்.

கேபிளே இல்லையென்றால் கடைக்காரர் ஒரு சின்ன கன்வெர்ட்டரை எடுத்து நீட்டுவார். ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரை கார்டுக்கான 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர். விலை நூறு, இருநூறு ரூபாய். ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்ஸ். அதன் தலையில் 150 வாட்ஸை ஏற்றினால் பிளாஸ்டிக் உருகும். எஸ்.எம்.பி.எஸ்-ஸில் 8 பின் கேபிள் கொடுக்கவில்லை என்றாலே, 'இது கிராஃபிக்ஸ் கார்டுக்கானது இல்லை' என்று அதைச் செய்தவர்களே சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம்.

விலை உயர்ந்த கார்டுகளின் 16 பின் கனெக்டரை 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே கனெக்டர் உருகிய புகார்கள் கிளம்பின. முழுதாகச் சொருகாததுதான் காரணம் என்றது என்விடியா. பிறகு, சரியாகச் சொருகாவிட்டால் மின்சாரம் போகாதபடி கனெக்டரின் டிசைனையே மாற்றினார்கள்.

ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மலிவு விலைக்கு ஐ5 ப்ராசஸரோடு கிடைக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மாதிரியான பெட்டிகள் இன்று ஏராளமான வீடுகளில் இருக்கின்றன. அதன் டவர் மாடலிலேயே 290 வாட்ஸ்தான், ஒல்லி மாடலில் 255. கார்டுக்கான கேபிள் வராது. எஸ்.எம்.பி.எஸ்-ஸை மாற்றலாம் என்றால், மதர்போர்டு கனெக்டர் வழக்கமான 24 பின் இல்லை, டெல்லின் தனி 8 பின். இப்படிப்பட்ட பெட்டிக்குக் கேபிளே தேவைப்படாத கார்டுதான் பொருத்தம். 75 வாட்ஸ் ஜி.டி.எக்ஸ் 1650, 70 வாட்ஸ் ஆர்.டி.எக்ஸ் 3050 6 ஜி.பி. முதல் கார்டில் 6 பின் கேபிள் கேட்கும் வகைகளும், இரண்டாவதில் 8 ஜி.பி என்ற பெரிய அண்ணனும் உண்டு. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஒல்லி மாடல் என்றால் உயரம் குறைந்த 'லோ புரொஃபைல்' கார்டு மட்டுமே உள்ளே போகும்.

எல்லாம் சரியாக இருந்தும் கரன்ட் போனவுடன் கம்ப்யூட்டர் அணைகிறதா? அப்போது எஸ்.எம்.பி.எஸ் மேல் தப்பு இல்லை. வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 600 வி.ஏ யு.பி.எஸ் தருவது சுமார் 360 வாட்ஸ். மேலே பார்த்த 312 வாட்ஸ் கம்ப்யூட்டர், மானிட்டரையும் சேர்த்து, சுவரிலிருந்து 400 வாட்ஸ் இழுக்கும். யு.பி.எஸ் கத்திவிட்டு நிற்கத்தான் செய்யும். தினமும் மூன்று மணி நேரம் கேம் என்றால், இந்த 400 வாட்ஸ், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். கார்டுக்குச் சம்மதிக்கும் முன் அப்பாவுக்கு இதையும் சொல்லிவிடுவது நல்லது.

எஸ்.எம்.பி.எஸ்-ஸை மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், பழையதன் கேபிள்கள் ஒன்றுவிடாமல் கழற்றி எடுத்துவிடுங்கள். கழற்றி மாட்டும் கேபிள்களோடு வரும் 'மாடுலர்' வகையில், "வயர் நல்லாத்தானே இருக்கு" என்று பழைய கேபிளைப் புதுப் பெட்டியில் சொருகுபவர்கள் உண்டு. அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால், எஸ்.எம்.பி.எஸ் பக்கம் எந்த பின்னில் எத்தனை வோல்ட் என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல், மாற்றி வைத்திருப்பார்கள். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், ஸ்விட்சைப் போட்ட அந்த நொடியில் ஹார்டு டிஸ்க் போய்விடும்.