"இதெல்லாம் சங்கீதமா சார்?"

எங்கள் இரும்புலியூர் பகுதியில் ஒரு பொங்கல் விழா. கானா பாட வந்த பையன்களை இரண்டாவது பாட்டோடு மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள். "இதெல்லாம் சங்கீதமா சார்?" என்று கேட்டவர் என்னைப்போல பென்ஷன்தாரர். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்.

1976-77ல் லண்டனில் பங்க் ராக் கிளம்பியபோதும் இதே கேள்விதான். கிதாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்றார்கள் அந்தப் பிள்ளைகள். வெறும் கத்தல் என்றது ஊர். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த திமிரில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

கத்தல் அதோடு போய்விட்டதா? 1982ல் 'தி கிளாஷ்' என்ற பங்க் குழு, ஒதுக்கப்பட்ட குடியேறிகளையும் நினைத்து 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடியது. 25 வருஷம் கழித்து அந்த இசைத் துண்டை எடுத்து 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைக் கட்டியவர் நம் ஈழத்துப் பெண் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. அது வந்த 'கலா' ஆல்பத்தில் (அவர் அம்மா பெயர்) சென்னையில் பதிவான உருமி மேளமும் ஒலிக்கிறது. நம் தெருவில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறோமே, அதே உருமி!

'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் அந்தப் பாட்டு உண்டு. அதே படத்துக்கு ரஹ்மான் ஆஸ்கர் வாங்கியபோது இனிப்பு கொடுத்தவரும் இந்த பென்ஷன்தாரர்தான்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் கிதாரோடு ஒரே மேடையில் ஏற்றியது. யார் பாடலாம் என்பதை யார் முடிவு செய்வது? பங்க் பையன்கள் கேட்டதும் அதைத்தானே?

அடுத்த பொங்கலுக்கு அந்தப் பையன்களை நானே கூப்பிடுகிறேன். மைக் செட் வாடகை என் பென்ஷனில். கேட்க இஷ்டமில்லாதவர்கள் அன்று வண்டலூர் போய்ப் புலியைப் பார்த்துவிட்டு வரட்டும்.