திருடன் தபாலில் வருவதில்லை

"தபால் ஓட்டு என்றாலே தில்லுமுல்லு." தேர்தல் தேதி அறிவித்ததும் இந்த வாக்கியம் ஆழ்வார்பேட்டையில் வந்து இறங்கிவிடும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொல்வார்கள். சபா கேன்டீனில் இலை போட்டதும் சொல்வார்கள். நியூ ஜெர்ஸி மைத்துனர் அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவை நம் மூக்குக்கு முன்னால் நீட்டிச் சொல்வார்கள். பல வருஷமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தாயிற்று. இனி முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் குற்றச்சாட்டு: தபால்காரர் கவரைக் கிழித்துப் போட்டுவிடுவாராம். வயதானவர்கள் வீட்டில் போடும் ஓட்டை வாங்கிப்போக வருபவர் தபால்காரரே இல்லை. அடுத்தது.

இரண்டாவது: "நாலு சுவருக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?" எல்லோருக்கும் தெரியும் ஐயா. 2019 அக்டோபரில் விதியைத் திருத்தி 80 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே ஓட்டுப் போடும் வசதி வந்தது. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் 12டி படிவம் கொடுக்க வேண்டும். பிறகு தேர்தல் ஊழியர்கள் வருவார்கள், போலீஸ் வரும், வீடியோ கேமரா வரும். என்றைக்கு வருகிறார்கள் என்று வேட்பாளர்களுக்கும் முன்கூட்டியே தகவல் போகும். ஏஜென்ட் கூடவே வந்து பார்க்கலாம். பாட்டியின் கணவருக்கு நடந்த சதாபிஷேகத்தைக்கூட இத்தனை கண்கள் இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்காது.

மூன்றாவது: "பிள்ளை காட்டுகிற சின்னத்தில்தான் அம்மா போடுவாள்." கண் தெரியாதவரும் உடல் தளர்ந்தவரும் 18 வயது நிறைந்த ஒரு துணையை வாக்குச்சாவடிக்குள்ளேயே அழைத்துப் போகலாம் என்று விதி இருக்கிறது. அந்தத் துணை பெரும்பாலும் அதே பிள்ளைதான். பூத்தில் பிள்ளை உத்தமன், வீட்டு ஹாலில் மட்டும் வில்லனா? 85 வயது வரை குடும்பத்தையே அதட்டி நடத்திய அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சின்னம் பிடிக்காது என்று முடிவு கட்டுவதில்தான் எத்தனை மரியாதை!

நான்காவது: வாக்குச்சாவடிதான் புனிதமாம். இந்தச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். 2006 மாநகராட்சித் தேர்தலில் இதே ஊரின் சாவடிகளில் நடந்த வன்முறை உயர் நீதிமன்றம் வரை போனது. பணப் பட்டுவாடாவால் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் தள்ளிப்போனது, 2017-இல் ஆர்.கே. நகரிலும் 2019-இல் வேலூரிலும் ரத்தே ஆனது. இந்த நான்கு தொகுதிகளில் எதிலும் பணம் தபால் கவரில் போகவில்லை. பட்டப்பகலில் வீதி வீதியாகப் போனது.

ஐந்தாவது: வெளிநாடு. பிரான்ஸ் 1975-இல் தபால் ஓட்டை ஒழித்ததே என்பார்கள். ஒழித்தது, ஆனால் பக்கத்து ஸ்விட்சர்லாந்தில் பெரும்பாலோர் தபாலில்தான் ஓட்டுப் போடுகிறார்கள், நாடு கவிழவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2018-இல் தபால் ஓட்டில் மோசடி நடந்தது உண்மை. மாட்டிக்கொண்டார்கள், தேர்தலையே மறுபடி நடத்தினார்கள். வீடியோ அனுப்பும் மைத்துனர் இந்தப் பின்பாதியை ஏனோ அனுப்புவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக இந்தத் தபால் ஓட்டு விதியை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. மார்ச் மாதம் மனு தள்ளுபடியானது. ஏப்ரல் 6-ஆம் தேதி ஓட்டுப்பதிவு. வயதானவர்களின் தபால் ஓட்டையும் சேர்த்தே எண்ணினார்கள். திமுக ஆட்சிக்கு வந்தது. ஜனநாயகம் செத்ததாக அதன் பிறகு அவர்கள் யாரும் சொல்லிக் கேள்விப்படவில்லை.

அதே கட்சியின் இன்னொரு வழக்கு இருக்கிறது, தில்லுமுல்லு என்பவர்கள் மறந்தும் வாய் திறக்காத வழக்கு. 2016-இல் ராதாபுரத்தில் திமுகவின் அப்பாவு, அதிமுகவின் இன்பதுரையிடம் தோற்றார். வித்தியாசம் 49 ஓட்டு. செல்லாது என்று ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகள் 203. யாருடைய ஓட்டு அவை? தேர்தல் வேலைக்குப் போனவர்களின் ஓட்டு. என்ன குற்றம்? உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர் பள்ளித் தலைமை ஆசிரியராம். அவர் கெஜட்டெட் அதிகாரி இல்லையாம். கள்ளக் கையெழுத்து என்று யாரும் சொல்லவில்லை. ஆள் மாறாட்டம் என்றும் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்த மனிதரின் கையெழுத்து ஓர் ஓட்டுக்கு மட்டும் போதவில்லை.

அப்பாவு வழக்குப் போட்டார். வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. கவருக்குள் இருந்த தீர்ப்பு கவருக்குள்ளேயே இருக்க, இன்பதுரை பதவிக்காலத்தை நிம்மதியாக முடித்தார். அடுத்த தேர்தலில் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகரும் ஆனார். அந்த 203 பேரின் 2016 ஓட்டுக்கு மட்டும் எந்த நாற்காலியும் கிடைக்கவில்லை.

தபால் ஓட்டின் நிஜமான ஓட்டை இதுதான். படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனால் செல்லாது. உள்கவரில் வைக்க வேண்டியதை வெளிக்கவரில் வைத்தால் செல்லாது. இங்கே திருட்டு நடக்கிறதென்றால் ஓட்டுப் போட்டவரிடமிருந்துதான் நடக்கிறது. அதுவும் ரப்பர் ஸ்டாம்பும் முத்திரையுமாக, சட்டப்படி நடக்கிறது.

கடைசியாக ஒன்று மிச்சம்: "சொற்ப வித்தியாசத்தில் முடிகிற தொகுதியில் தபால் ஓட்டு முடிவையே புரட்டிவிடும்." பக்கத்துத் தியாகராய நகரில் 2021-இல் வித்தியாசம் 137 ஓட்டு. அங்கே ஒரு தெருவே முடிவைப் புரட்டியிருக்கும். முடிவை மாற்றத்தானே ஓட்டு? வேறெதற்கு, விரலில் மை வைத்து செல்ஃபி எடுக்கவா?

எல்லையில் நிற்கும் ஜவானும் தபாலில்தான் ஓட்டுப் போடுகிறார். அதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் வாய் வராது. எல்டாம்ஸ் சாலையில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருக்கும் தாத்தா போட்டால் மட்டும் தில்லுமுல்லு. 2020-இல், வீட்டில் ஓட்டுப் போட 80 ஆக இருந்த வயது வரம்பை 65 ஆகக் குறைத்தார்கள். கூச்சல் எழுந்தது, அடுத்து வந்த பீகார் தேர்தலிலேயே அமல்படுத்தாமல் விட்டார்கள். 2024 மார்ச்சில் வரம்பு 85 ஆனது. 82 வயதில் முட்டிவலியோடு இருப்பவர் படியிறங்கி வந்து க்யூவில் நிற்க வேண்டும். தேர்தல் அத்தனை தூய்மையாகிவிட்டது!

இதற்கு மேலும் பயம் தீராதவர்கள் அடுத்த தேர்தலில் தங்கள் கட்சி ஏஜென்டை அந்த வீடுகளுக்கு அனுப்பட்டும். ஐந்து வருஷம் கத்துவதைவிட, ஒரு பாட்டியின் ஹாலில் அரைமணி நேரம் வாயை மூடி உட்கார்வது சுலபம். காபியும் கிடைக்கும்.