குளிசை எண்ணினால் மட்டும் போதுமா?

எங்கள் உம்மும்மாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் இருப்பவை கிளினிக்கில் கொடுத்த குளிசைகள். சீனிக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு என்று தனித்தனிப் பைகள். கடந்த நோன்பில் எதை ஸஹருக்கு எடுப்பது, எதை நோன்பு திறந்த பின் எடுப்பது என்று தெரியாமல், எல்லாவற்றையும் ஸஹருக்கே விழுங்கிவிட்டார். பிற்பகலில் உடல் வியர்த்து, கை நடுங்கிச் சரிந்து உட்கார்ந்தார். நோன்பை விடச் செய்து சீனித் தண்ணீர் கொடுத்த பிறகே தெளிந்தார்.

மருந்தில் பிழையில்லை. அதைப் பற்றிப் பேச ஆளில்லாததுதான் பிழை.

இந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் மருந்தாளர். யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுண முதலான பல்கலைக்கழகங்களில் மருந்தகவியல் 4 வருடப் பட்டப்படிப்பாக உள்ளது. ஆனால் வைத்தியசாலைப் பயிற்சி என்பது மருந்தறை ஜன்னலுக்கு உள்ளே நின்று குளிசை எண்ணிப் பையில் இடுவதோடு முடிந்துவிட்டால், அந்தப் படிப்பு நோயாளியின் வீடு வரை போய்ச் சேராது.

மாணவி வாட்டுக்குச் செல்ல வேண்டும். நோயாளி வீட்டில் என்னென்ன மருந்து எடுக்கிறார், நாட்டு மருந்தும் சேர்த்து எடுக்கிறாரா என்று கேட்டு எழுத வேண்டும். துண்டு வெட்டிப் போகும் நாளில் ஒவ்வொரு மருந்தையும் விளக்கி, அதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். அனுபவமுள்ள மருந்தாளர் அருகிலிருந்து திருத்த வேண்டும். வரவுப் பதிவுக்கு அல்ல, இந்த உரையாடலுக்கே புள்ளி வழங்க வேண்டும்.

இது வெறும் கனவல்ல. ராகமை போதனா வைத்தியசாலையில் மருந்தாளர்களை வாட்டில் அமர்த்திச் செய்த ஆய்வு 2018 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியானது. மருந்தாளரின் கவனிப்பைப் பெற்ற நீண்டகால நோயாளர்கள் மீண்டும் வாட்டில் அனுமதிக்கப்படுவது குறைந்திருந்தது.

வாட்டில் நெரிசல், மேற்பார்வைக்கு ஆளில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் கிழமைக்கு ஓர் அரைநாள், ஒரு மாணவிக்கு இரண்டு நோயாளர் என்று தொடங்கலாமே. பெரிய நகரங்களோடு நிற்காமல் கற்பிட்டி, புத்தளம் போன்ற ஊர் வைத்தியசாலைகளுக்கும் மாணவிகளைச் சில கிழமைகள் அனுப்பலாம். தமிழும் சிங்களமும் கலந்து வாழும் இந்தக் கரையில், நோயாளியின் மொழியில் மருந்தை விளக்குவதும் ஒரு பாடமே. நோன்புக்கு முந்திய மாதத்தில் சீனி கிளினிக்கில் நின்றால், எந்தப் புத்தகமும் தராத கேள்விகள் அங்கே கிடைக்கும்.

1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக வழிசெய்த பேராசிரியர் சேனக பிபிலே, நல்ல மருந்து ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்று உழைத்தார். கிடைத்த மருந்தை எப்படி எடுப்பது என்று ஏழைக்குப் புரிய வைப்பது அடுத்த வேலை.

உயிரியல் பிரிவில் படிக்கும் சகோதரிகளே, நாளை உங்களில் சிலர் மருந்தாளர் ஆவீர்கள். அன்று ஜன்னலுக்கு வெளியே இப்படியொரு பிஸ்கட் டின்னோடு ஒரு உம்மும்மா நிற்பார். பையை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை பேசுங்கள்.