கம்பம் கஞ்சா செய்திகளில் விடுபடும் கேள்வி: 15 வயது மூளைக்குள் என்ன நடக்கிறது?

இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது. கம்பத்தில் இருந்து வரும் கஞ்சா செய்திகள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். கம்பம்மெட்டு ஏறினால் கேரளாவின் இடுக்கி மாவட்டம் என்பதால் போலீஸ் கண் எப்போதும் இங்கே உண்டு. ஆனால், அந்தப் பொட்டலத்தை வாங்கும் பள்ளி மாணவனுக்கு என்ன ஆகிறது?

பிரேக் பிடிக்காத வயசு

மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி பதின்ம வயதிலேயே வேகமெடுத்துவிடும். 'வேணாம், நிறுத்து' என்று சொல்லும் முன்மூளைப் பகுதி முழுதாக வளர ஏறக்குறைய 25 வயதாகும். ஆக்சிலரேட்டர் ரெடி, பிரேக் இன்னும் ரெடியாகவில்லை. 'ஒரு தடவைதானே' என்பது அந்த வயதில் சுலபமாக ஒரு தடவையோடு நிற்காததற்கு இதுவும் காரணம்.

கஞ்சாவில் உள்ள டி.எச்.சி., மூளை தானாகவே சுரக்கும் ஒரு வேதிப்பொருளைப் போல நடித்து அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விளைவு: கவனம் சிதறும், படித்தது மறக்கும். சிலருக்கு வீண் சந்தேகமும், காதில் குரல் கேட்பதும்கூட வரலாம். குடும்பத்தில் மனநோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வீட்டில் இதைத்தான் 'பையனுக்குத் திமிர் ஏறிடுச்சு' என்கிறார்கள்.

மது? 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது குடிக்கு அடிமையானதாக 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் இது சுமார் 10 சதவீதம்தான். சீக்கிரம் தொடங்கியது மட்டுமே காரணமா, குடும்பச் சூழலும் சேர்ந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

பல பெற்றோர் வாயை மூடிக்கொள்வது இந்த பயத்தில்தான். சிறுவர்களுக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கும், கடத்தலுக்கு அவர்களைப் பயன்படுத்துபவருக்கும் 2015 சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பயன்படுத்துபவர் விஷயம் வேறு. குறைந்த அளவு, அதாவது கஞ்சா என்றால் 1 கிலோ வரையிலான வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கில் இருந்து விலக்கு பெற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம்.

ஆலோசனைக்கு மத்திய அரசின் இலவச உதவி எண்: 14446.