கழுவிய பாத்திரத்தில் கழிவுநீர்

சென்ற மாதம் இல்லச் சந்திப்புக்குச் சென்றபோது ஒரு குடும்பத்தில் சிறு மனத்தாங்கலைக் கண்டோம். பணிக்குச் செல்லும் மருமகளின் சுமை குறையட்டுமெனப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தனர். இரவில் கழுவி முடித்ததைக் காலையில் திறந்தால், அடியில் கலங்கல் நீர்; கீழ்த்தட்டிலிருந்த குழந்தையின் கிண்ண விளிம்பில் பருப்புத் துணுக்குகள். மருமகள் சரியாக அலசி வைப்பதில்லை என்றார் மாமியார். இயந்திரமே உதவாது என்றார் மாமனார். இருவர் கூற்றும் பொருந்தவில்லை.

சமையல் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தோம். (நம் வயதில் குனிவதும் எளிதன்று, நிமிர்வதும் எளிதன்று.) இயந்திரத்தின் கழிவுக்குழாய் தரையோடு கிடந்து, ‘சிங்க்’ எனப்படும் கழுவு தொட்டியின் குழாயில் நேரே இணைந்திருந்தது. நீர் தாழ்ந்த இடத்தை நாடும். சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தொட்டியின் வழியை அடைக்குமாயின், தேங்கிய எச்சில் நீர் இக்குழாய் வழியே இயந்திரத்தினுள் புகாமல் வேறெங்கே போகும்?

பரிகாரம் எளிது. குழாயை மேடைக்கல்லின் அடியைத் தொடுமளவு உயர்த்தி, மடங்கி நெரியாமல் வளைத்து, சுவரில் கிளாம்ப் அடித்து நிறுத்தி, அதன்பின் கீழிறக்கி இணைக்க வேண்டும். வெளியேறும் நீரை அவ்வுயரத்துக்கு மோட்டார் தள்ளிவிடும். திரும்பி வரும் நீரோ அவ்வளவு உயரம் ஏறியாக வேண்டும். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு பல இயந்திரங்களில் உண்டு. எனினும் அதை மட்டும் நம்புதல் நன்றன்று. ஒரு மிளகாய் விதை சிக்கினாலும் அது முழுமையாக மூடாது. குழாய் முனையைத் தரைத் துளையில் செருகிவிடுவோரும் உளர். அப்போது இயந்திரம் பிடிக்கும் நீர், கழுவுமுன்னே வடிந்துவிடும்.

தொட்டி விளிம்புவரை நிரம்பினால் மேற்கூறிய வளைவும் தோற்கக்கூடும்; அது மேடைக்குக் கீழேதானே உள்ளது! அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘ஏர் கேப்’ என்னும் காற்றிடைவெளிக் கருவியை விதியாகவே வைத்திருந்தனர். மேடைமேல் சிறு குமிழ்போல் நிற்கும் அதனுள் கழிவுநீர் ஏறி, திறந்தவெளியில் விழுந்து, வேறொரு குழாயில் இறங்கும். அடைப்பு நேர்ந்தால் நீர் மேடைமேல் வழியுமேயன்றி இயந்திரத்துக்குத் திரும்பாது.

எதைப் பொருத்தினாலும், பணியாளர் புறப்படுமுன் தொட்டியை அடைத்து நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடச் சொல்லுங்கள். பின்னர் இயந்திரத்தின் அடியை நீங்களே பாருங்கள். அவ்வில்லத்தில் பிளம்பர் குழாயை உயர்த்திக் கட்டியபின் அவ்வாறே செய்து பார்த்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. அன்றிரவு குழந்தையின் கிண்ணத்தை இயந்திரத்தில் அடுக்கியவர் மாமியாரே எனப் பின்னர் அறிந்தோம்.