வினைச்சொல்லுக்கும் ஒரு ஹெல்பர் உண்டு!

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஏற்றுமதி பனியன் ஒன்றாவது இருக்கும். திருப்பூரில் அது இல்லாத வீடு ஏது? அதை உள்பக்கமாகத் திருப்பி, ஓரத் தையலில் தொங்கும் சின்ன லேபிளைப் படித்துப் பாருங்கள். 'மெஷின் வாஷ்', 'டூ நாட் ப்ளீச்', 'மேட் இன் இந்தியா' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். துணியை எப்படித் துவைப்பது, எப்படிப் பராமரிப்பது என்று லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என அமெரிக்காவில் 1971-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அங்கே போகும் துணிக்கு இங்கே நம் ஊர் அக்காக்கள் லேபிள் வைத்துத் தைக்கிறார்கள். ஆங்கில வினைச்சொற்களைப் படிக்க இந்த லேபிளைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

நான் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு வேலைக்கு வந்து, ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் எடுத்த டீச்சர். வினைச்சொல் பாடம் வந்தால் கரும்பலகையில் பெயர்களை வரிசையாக எழுதிப் போடுவேன். டிரான்சிட்டிவ் வெர்ப், இன்டிரான்சிட்டிவ் வெர்ப், ஆக்சிலரி வெர்ப் என்று வகுப்பே வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லும். பரீட்சையில் மதிப்பெண்ணும் வரும். "நேற்று எங்கே போனாய்? ஆங்கிலத்தில் சொல்" என்று கேட்டால் மட்டும் நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒரு முறை 'என் குடும்பம்' பற்றி நான்கு வரி எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி 'மை ஃபாதர் டெய்லர்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெரிதாக அடித்தேன். அதோடு விட்டேனா? உரக்கப் படித்துக் காட்டி, "வெர்ப் எங்கே போச்சு? பனியன் கம்பெனிக்கா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அந்த ஆண்டு முழுக்க அவள் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். கையில் மகள். "டீச்சர், இவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க. எனக்குத்தான் அது வராதுங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்றால், அவள் எழுதியதில் ஒரு நியாயம் இருந்தது. 'எங்கப்பா டெய்லர்' என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் அது முழு வாக்கியம். தனியாக ஒரு வினைச்சொல் தேவையே இல்லை. ஆங்கிலத்தில் அப்படி நிற்க முடியாது. 'மை ஃபாதர்' ஒரு பக்கம், 'டெய்லர்' ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துக் கட்ட 'இஸ்' வேண்டும். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் எல்லாம் இப்படிக் கட்டும் வேலையும் செய்கிற சொற்கள். "கண்ணு, தமிழுக்கு இந்தக் கயிறு வேண்டாம், ஆங்கிலத்துக்கு வேண்டும்" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆகவே என் கட்சி இதுதான்: வகைகளின் பெயரை அப்புறம் படிக்கலாம். நம் தமிழ் வினை என்ன செய்கிறது, ஆங்கில வினை என்ன செய்கிறது என்று முதலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இலக்கணம் நமக்குப் புதிதும் இல்லை. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர், பெருந்துறைப் பக்கம் இருக்கும் சீனாபுரம் என்று சொல்வார்கள். நம் கொங்கு நாட்டுக்காரர்! நன்னூலில் 'வினையியல்' என்று வினைச்சொல்லுக்கே தனிப் பகுதி உண்டு. வினையின் அடிச்சொற்களை அவர் ஏவல் வடிவத்திலேயே, அதாவது 'செய்' என்று கட்டளை இடுகிற வடிவத்திலேயே வைத்துச் சொல்கிறார். நட, வா என்பதுபோல. இப்போது லேபிளைப் பாருங்கள். 'வாஷ்', 'அயர்ன்'. ஆங்கிலத்திலும் வெறும் அடிச்சொல்தான் கட்டளை!

அடுத்து மெஷினுக்கு வருவோம். 'மெஷின் ஓடுகிறது' என்கிறோம். 'அண்ணன் மெஷின் ஓட்டுகிறார்' என்கிறோம். ஓடு, ஓட்டு என்று சொல்லே மாறிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்'தான். 'தி மெஷின் ரன்ஸ்', 'ஹி ரன்ஸ் தி மெஷின்'. நூல் அறுந்தது, நூலை அறுத்தாள்: இரண்டுக்கும் 'ப்ரோக்'. கரண்ட் போய் மெஷின் நின்றாலும், அக்கா சுவிட்சைப் போட்டு நிறுத்தினாலும் 'ஸ்டாப்ட்'. துணி கிழிந்தது, துணியைக் கிழித்தான்: இரண்டும் 'டோர்'. தமிழில் சொல்லைக் கேட்டதுமே, தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பது தெரிந்துவிடும். டம்ளர் கீழே கிடந்தால் நீங்கள் 'உடைஞ்சிருச்சு' என்றுதானே சொல்வீர்கள்? 'உடைச்சுட்டேன்' என்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததே இல்லை!

ஆங்கிலத்தில் இதைக் கண்டுபிடிக்க 'எதை?' என்று கேளுங்கள். 'ஹி ரன்ஸ்'... எதை? 'தி மெஷின்' என்று பதில் வந்தால் அது டிரான்சிட்டிவ், தமிழில் செயப்படுபொருள் குன்றாத வினை. 'ஷி ஸ்லீப்ஸ்'... எதை? பதில் இல்லை. அது இன்டிரான்சிட்டிவ். அவ்வளவுதான் விஷயம். பெயர்தான் ரயில் நீளத்துக்கு இருக்கிறது.

இனி ஹெல்பர். பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து தைப்பவர் டெய்லர். பக்கத்தில் ஒரு ஹெல்பர் நிற்பார். பீஸை எடுத்துக் கொடுப்பார், நூல் வெட்டுவார், அடுக்கி வைப்பார். ஆங்கில வாக்கியத்திலும் இதே ஏற்பாடுதான். முக்கிய வினை டெய்லர், துணை வினை ஹெல்பர். ஆக்சிலரி என்ற சொல்லுக்கே உதவி செய்வது என்றுதான் பொருள்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'டிட் யூ வென்ட்?' என்று கேட்கிறோம். பெரியவர்களே கேட்கிறார்கள். 'டிட்' என்ற ஹெல்பர் வந்தவுடன், 'நேற்று நடந்தது' என்கிற மூட்டையை அவர் தலையில் தூக்கிக்கொள்கிறார். டெய்லர் வெறும் கையோடு வந்தால் போதும். எனவே 'டிட் யூ கோ?' இதே கணக்குதான் 'ஹி டஸ் நாட் ஸ்டிச்' என்பதிலும். 'ஸ்டிச்சஸ்' என்பதில் இருக்கும் கடைசி 'எஸ்' ஒலியை 'டஸ்' வாங்கிக்கொண்டது. ஒரு மூட்டையை இரண்டு பேர் சுமக்க வேண்டியதில்லை.

நமக்கு இது ஏன் குழப்பம் தருகிறது? தமிழில் 'தைக்கவில்லை' என்ற சொல்லில் காலமே இல்லை! 'நேற்று தைக்கவில்லை', 'இன்னும் தைக்கவில்லை' இரண்டிலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் 'நாட்' வந்தால் காலத்தைச் சுமக்க ஒரு ஹெல்பர் கட்டாயம் வேண்டும். அதற்குத்தான் டூ, டஸ், டிட். சில நாள் அந்த ஹெல்பரே டெய்லராகவும் மெஷினில் உட்காருவார். 'டூ யூ டூ யுவர் ஹோம்வொர்க்?' என்பதில் முதல் 'டூ' ஹெல்பர், இரண்டாவது 'டூ' டெய்லர். கேன், மே, மஸ்ட், வில் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் யாருக்காகவும் வடிவம் மாற மாட்டார்கள். ஹி கேன், தே கேன், எப்போதும் 'கேன்'தான்.

இதெல்லாம் மதிப்பெண்ணுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்களில் சிலர் நாளை மெர்ச்சண்டைசர் ஆகலாம். வெளிநாட்டில் இருந்து ஆர்டர் கொடுப்பவருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். 'வீ ஹேவ் ஷிப்ட்' என்றால் சரக்கு போய்விட்டது. 'வீ வில் ஷிப்' என்றால் இனிமேல்தான் போகும். ஹெல்பரை மாற்றிப் போட்டால், குடோனில் இருக்கும் பெட்டிக்காக அங்கே ஒருவர் துறைமுகத்தில் லாரியோடு காத்துக்கொண்டிருப்பார்!

ஒழுங்கில்லாத வினைகள் என்று ஒரு இருநூறு இருக்கின்றன. கோ, வென்ட், கான் மாதிரி. அவற்றுக்கு விதி தேடாதீர்கள், பேசிப் பழகினால்தான் வரும். அதிகம் புழங்கும் சொற்களே அதில் நிறைய. தினமும் வாயில் இருப்பதால் பழைய வடிவம் தேயாமல் நின்றுவிட்டது. கட்டிங் மாஸ்டரின் 'கட்' இன்றும் 'கட்', நேற்றும் 'கட்'. 'கட்டெட்' கிடையாது. நம் ஊர்த் தொழிலின் சொல்லான 'நிட்' மட்டும் தாராளமானது. நேற்று பின்னியதை 'நிட்' என்றும் சொல்லலாம், 'நிட்டெட்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி.

உங்கள் வகுப்பில் பீகாரில் இருந்து வந்த பிள்ளைகள் இருப்பார்கள். 'நான் போகிறேன்' என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பாருங்கள். பையன் சொல்வது ஒரு மாதிரி, பெண் சொல்வது வேறு மாதிரி இருக்கும். தமிழில் 'போகிறேன்' என்பது இருவருக்கும் ஒன்று. 'போகிறான், போகிறாள்' என்னும்போதுதான் பிரியும். ஆங்கிலத்தில் அதுவும் இல்லை, 'கோஸ்' என்றால் அவனும் உண்டு, அவளும் உண்டு. அந்தப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் தவறு செய்வார்கள், ஆனால் உங்கள் தவறும் அவர்கள் தவறும் ஒன்றாக இருக்காது. அவரவர் தாய்மொழியின் நிழல் அதில் விழும். யாராவது தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். நான் சிரித்ததற்குத்தான் இந்த வயதில் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சிறுமியின் மகள் இப்போது சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் லேபிளில் 'மேட் இன் இந்தியா'வைக் காட்டி, "இதில் ஹெல்பர் எங்கே டீச்சர்?" என்றாள். நல்ல கேள்வி. 'இட் இஸ் மேட் இன் இந்தியா' என்பதில் 'இட் இஸ்' இரண்டையும் லேபிளில் இடமில்லாமல் விட்டுவிட்டார்கள். இது செயப்பாட்டு வினை. செய்தவர் பெயரைச் சொல்லாமலே முடித்துவிடலாம். "அப்போ யாரு செஞ்சதுன்னு தெரியாதா?" என்றவள், லேபிளை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கம்மா செஞ்சிருப்பாங்க" என்றாள்.

உங்களுக்கு ஒரு வேலை. பல லேபிள்களில் 'வாஷ் வித் லைக் கலர்ஸ்' என்று இருக்கும். அதில் 'வாஷ்' வினைச்சொல், சரி. 'லைக்'? 'பிடிக்கும்' என்று பொருள் வைத்தால் வாக்கியம் நிற்கவில்லையே! அது வினைச்சொல்தானா? வீட்டில் இருக்கும் பனியன்களை எல்லாம் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளை உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள்.